இழுக்க இழுக்க இறுகும்: சுருக்குப்பையின் இயற்பியல்

நந்திதுர்க் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டு ஒரு கம்பிக் கயிற்றில் தொங்கியது. அந்தச் சுரங்கத்தை நம்பி வட ஆற்காட்டுப் பக்கமிருந்தும் சேலத்துப் பக்கமிருந்தும் கோலார் தங்க வயலுக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில், வீட்டுச் செலவுக் காசு ஆயாவின் இடுப்பில் சொருகிய சுருக்குப்பையில் இருந்தது. கயிறு உருக்கு, பை பருத்தி. ஒன்று டன் கணக்கில் தூக்கியது, மற்றொன்று வெற்றிலை பாக்கோடு நாலணா எட்டணாவைச் சுமந்தது. ஆனாலும் இரண்டின் உள்ளேயும் நடக்கும் வேலை ஒன்றுதான். பசை கிடையாது, ஆணி கிடையாது, பற்றவைப்பும் கிடையாது. மெல்லிய இழைகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்கின்றன. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு சுமையைத் தாங்குகிறது. இழுக்க இழுக்க அழுத்தம் கூடும், அழுத்தம் கூடக்கூடப் பிடி இறுகும்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். டிக்கெட்டுக்கும் டீக்கும் பஸ்ஸுக்கும் சில்லறை வேண்டியிருக்கிறது. பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணியில், வீட்டு மிஷினிலோ கையிலோ, ஒரு மதியப்பொழுதில் தைத்துவிடக்கூடிய பொருள் சுருக்குப்பை. இவ்வளவு சின்னப் பொருளில் என்ன அறிவியல் என்று தோன்றலாம். ஆனால் எங்கே வெட்ட வேண்டும், எத்தனை தையல் போட வேண்டும், நாடா ஏன் இரண்டு என்று தையல் தெரிந்தவர்கள் பழக்கமாகச் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் உராய்வின் கணக்கு இருக்கிறது.

எவ்வளவு தாங்க வேண்டும்?

முதலில் சுமையைப் பார்ப்போம். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறத்தாழ 7.7 கிராம் எடை. நாற்பது நாணயம் போட்டால் 308 கிராம். ஒரு நாணயத்தின் கன அளவு சுமார் ஒரு கன சென்டிமீட்டர். தாறுமாறாகக் கொட்டிய நாணயங்கள் இடத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் நிரப்பும், மீதி வெற்றிடம். ஆக 70 மில்லிலிட்டர் இடம் இருந்தால் நானூறு ரூபாய்ச் சில்லறை அடங்கிவிடும்.

இனி துணி. சட்டைக்கும் பிளவுஸ் லைனிங்குக்கும் வாங்கும் பாப்ளின் துணியில் 30-ஆம் நம்பர் நூல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டம் எத்தனை வரும் என்ற கணக்கு. நம்பர் கூடினால் நூல் மெலியும். 30-ஆம் நம்பர் நூல் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 20 கிராம்கூட எடை வராது.

நூற்பாலைகளில் நூலின் பலத்தை ஆர்கேஎம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு நூலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நீட்டிக்கொண்டே போனால், எத்தனையாவது கிலோமீட்டரில் தன் எடையையே தாங்காமல் அறும் என்பதே ஆர்கேஎம். நல்ல பருத்தி நூலுக்கு இது 16 அளவில் இருக்கும். கட்டடத்துக்குப் போடும் சாதாரண இரும்புக் கம்பி ஐந்தாறு கிலோமீட்டரிலேயே அறுந்துவிடும். கிராமுக்குக் கிராம் எடைபோட்டால் பருத்தி நூல் சாதாரண இரும்பை விட உறுதியானது. கம்பிக் கயிற்றுக்கென்று இழுத்து வலுவேற்றிய உருக்குக் கம்பிதான் பருத்தியை எட்டிப் பிடிக்கும்.

இந்தக் கணக்கில் 30-ஆம் நம்பர் நூல் ஒன்று சுமார் 300 கிராம் வரை தாங்கும். அங்குலத்துக்கு 60 இழை இருக்கும் துணியில் ஓர் அங்குல அகலப் பட்டை 18 கிலோவுக்கு ஈடுகொடுக்கும். நாற்பது பத்து ரூபாய் நாணயத்தின் மொத்தச் சுமையோ ஒரே ஓர் இழையின் பலம். தங்க வயலில் எழுதும் கட்டுரை என்பதால் இதையும் கணக்கிட்டுவிடலாம்: அந்த நாற்பது நாணயத்தின் உலோகத்துக்குப் பதில் அதே கன அளவில் தங்கம் வைத்தால் 770 கிராமுக்கு மேல் வரும், இரண்டரை இழை போதும்.

அப்படியானால் பை கிழியவே கூடாது. கிழிகிறதே! கிழிந்த பைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் துணியின் நட்டநடுவில் பெரும்பாலும் எதுவும் ஆகியிருக்காது. தையல் ஓரத்தில் இழை உருவி வந்திருக்கும், அடி மூலை நைந்திருக்கும், நாடா வெளியே வரும் வாய் பிய்ந்திருக்கும். அதாவது இழைக்கு இழை பிடித்துக்கொள்ள வழியில்லாமல் உராய்வு முடிந்துபோகும் இடங்கள், இல்லையென்றால் உராய்வு அளவுக்கு மீறிப்போகும் இடங்கள். பை தைக்கும் கலை முழுவதும் இந்த இரண்டு வகை இடங்களைக் கவனிப்பதில் இருக்கிறது.

மூன்று சென்டிமீட்டர் பஞ்சு எப்படி நூலாகிறது?

ஒரு பஞ்சு இழையின் நீளம் இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர். அதைக் கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நூல் நூற்கிறோம். 30-ஆம் நம்பர் நூலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட பஞ்சு இழைகள் தெரியும். எந்த இழையும் நூலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவதில்லை. ஒவ்வொன்றும் கொஞ்ச தூரம் ஓடி, முடிந்து, அடுத்ததிடம் சுமையைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது.

இது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வியை கலிலியோ 1638-இல் வெளிவந்த தம் கடைசி நூலில் எழுப்பினார். குட்டை நார்களால் முறுக்கிய நீளக் கயிறு ஏன் பிரிந்துவிடுவதில்லை என்று அதில் விவாதித்திருக்கிறார். முறுக்கிய நூலை இழுத்தால் திருகிக் கிடக்கும் வெளி இழைகள் நேராக முயன்று உள் இழைகளை நெருக்குகின்றன. நெருக்கம் கூடினால் உராய்வு கூடுகிறது. உராய்வு கூடினால் இழை வழுக்குவது நிற்கிறது. 2018-இல் பேட்ரிக் வாரன், ராபின் பால், ரேமண்ட் கோல்ட்ஸ்டீன் ஆகிய மூவரும் பிசிகல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் இதைக் கணிதமாக எழுதினார்கள். உராய்வு ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருந்தால் இழைகள் உருவிக்கொண்டு நூல் பிரிந்துவிடும். எல்லையைத் தாண்டிவிட்டால் இழையே அறுந்தாலொழிய நூல் பிரியாது. இரண்டு நிலைகளுக்கும் நடுவே இருப்பது மெல்லிய சரிவு இல்லை, சட்டென்ற மாற்றம்.

கம்பிக் கயிற்றில் கம்பி நீளமாகவே இருக்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பி அறுந்துவிட்டால் இதே பாடம் உதவிக்கு வருகிறது. அறுந்த கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பிகள் அழுத்திப் பிடிப்பதால், சில திருகுகள் தள்ளி அது மறுபடி தன் பங்குச் சுமையை ஏற்றுக்கொள்ளும். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் இரும்புச் சங்கிலி திடீர் திடீரென அறுந்து ஆபத்தானபோது, வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற அதிகாரி 1834-இல் கம்பியைக் கயிறாக முறுக்கிப் பயன்படுத்தியதற்குக் காரணம் இதுதான். சங்கிலியில் ஒரு வளையம் போனால் மொத்தமும் போச்சு. கயிற்றில் ஒரு கம்பி போனால் போனது ஒரு கம்பி மட்டுமே. 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலும், அதன் பக்கத்து நந்திதுர்க்கிலும் கட்டம் கட்டமாக ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கியது இந்தக் கண்டுபிடிப்பின் வழிவந்த கயிறு.

பைக்கு நாடா முறுக்கும்போதும் இது கைகொடுக்கும். நூல் கற்றையை ஒரு பக்கமாக நன்றாக முறுக்கி, நடுவில் மடித்து விட்டால் அது தானே எதிர்ப்பக்கமாகத் திருகிக்கொண்டு இரட்டைக் கயிறாகிவிடும். உள்முறுக்கு அவிழப் பார்க்கும். அவிழ்ந்தால் வெளிமுறுக்கு இறுகும். இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதால் கயிறு அப்படியே நிற்கிறது.

பாவும் ஊடையும்

நூல் துணியாகும்போது உராய்வு இன்னொரு தளத்துக்குப் போகிறது. பாவு நூல் ஒன்று ஊடையின் மேலும் கீழும் மாறி மாறி ஏறி இறங்குகிறது. துணியைப் பாவின் வழியாக இழுத்தால் வளைந்து கிடந்த பாவு நேராகிறது. அதற்கு ஈடாக ஊடை இன்னும் வளைகிறது. ஒவ்வொரு சந்திப்பிலும் அழுத்தம் ஏறி, சந்திப்புகள் பூட்டிக்கொள்கின்றன. நேர் நூலில் இழுத்தால் துணி கொடுக்காமல் விறைப்பாக நிற்பது இதனால்தான்.

அதே துணியைக் குறுக்காக, 45 பாகையில் இழுத்துப் பாருங்கள், தாராளமாக நீளும். அங்கே எந்த நூலும் நேராக இழுபடவில்லை. சதுரக் கட்டங்கள் சாய்சதுரமாகச் சரிகின்றன, அவ்வளவுதான். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்வது இந்தத் திசையைத்தான். பைக்கு உடல் துணியை நேர் நூலில் வெட்ட வேண்டும். கரை ஓரத்துக்கு இணையாக அளந்தால் சரியாக வரும். கிராஸாக வெட்டிய பை காசு விழ விழத் தொங்கி நீளும். ஓரத்துக்கு பைப்பிங் வைப்பதானால் அதை மட்டும் கிராஸில் வெட்டலாம், வளைவில் சுருங்காமல் படிந்து போகும்.

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. புதுத் துணியை நனைத்து உலர்த்திவிட வேண்டும். பருத்தி தண்ணீரைக் குடித்தால் நீளவாக்கில் வளர்வதை விடத் தடிமனில்தான் அதிகம் ஊதும். திருகிக் கிடக்கும் இழைகள் இப்போது பருத்த நூலைச் சுற்றி வர வேண்டும். அதற்குக் கூடுதல் நீளம் தேவை, ஆனால் இழை நீளாது. ஆகவே நூல் குறுகுகிறது. தறியில் இழுத்துக் கட்டியபோது ஏறிய விறைப்பும் அதோடு தளர்ந்துவிடும். நனைக்காத துணியில் தைத்து, ஏற்கெனவே துவைத்த பழைய துணியில் லைனிங் கொடுத்தால், முதல் துவைப்பிலேயே வெளித்துணி மட்டும் சுருங்கி லைனிங் உள்ளே பொதபொதவென்று நிற்கும்.

வெட்டும் அளவு

தைத்து முடித்தபின் 12 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கும் ஒரு பையை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்கு விட்டு, வெளித்துணியில் 14-க்கு 17 அளவில் இரண்டு துண்டு, லைனிங்கில் அதே அளவில் இரண்டு துண்டு. அடியின் இரு மூலைகளையும் ஒரு சிறிய கிண்ணத்தை வைத்து வளைவாக வரைந்து வெட்ட வேண்டும். வெளித்துண்டு இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, பக்கங்களையும் அடியையும் தைக்க வேண்டும். மேலிருந்து நாலு சென்டிமீட்டர் தள்ளி, நாடா வெளியே வர இரண்டு பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் தைக்காமல் விட வேண்டும். லைனிங்குக்கும் இதே தையல்தான். நாடாவுக்கான இடைவெளி அதற்கு வேண்டாம், அடியில் மட்டும் பையைத் திருப்ப ஐந்து சென்டிமீட்டர் திறந்திருக்கட்டும். ஒன்றுக்குள் ஒன்றை நல்ல பக்கங்கள் பார்த்துக்கொள்ளும்படி நுழைத்து, வாயைச் சுற்றித் தைத்து, அடி வழியாகத் திருப்பி, அந்தத் திறப்பை மூடிவிடலாம். கடைசியாக நாடா இடைவெளிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பையைச் சுற்றி இரண்டு வரி தையல். நாடா ஓடும் குழாய் தயார்.

அந்த ஒரு சென்டிமீட்டர் ஓரத்தில் கஞ்சத்தனம் கூடாது. அங்குலத்துக்கு 60 இழை என்றால் இழைக்கு இழை 0.42 மில்லிமீட்டர். தையலுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டால், தையலைத் தாண்டிப் பிடித்துக்கொள்ள ஏழு குறுக்கு இழைகள்தான் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் விட்டால் இருபத்துநாலு. ஓரத்தில் இழை உருவி வருவது துணியின் குறை அன்று. பிடிக்க ஆள் போதாமல் போவதுதான் காரணம்.

வளைவில் இன்னொரு கணக்கு. தையல் மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் போகிறது என்றால் வெட்டிய விளிம்பு நாலு சென்டிமீட்டர் ஆரத்தில் இருக்கும். கால் வட்டத்துக்கு அதன் நீளம் 6.28 சென்டிமீட்டர். பையைத் திருப்பியதும் அந்த விளிம்பு உள்பக்கம் மடங்கி இரண்டு சென்டிமீட்டர் ஆரத்தில் உட்கார வேண்டும். அங்கே இருக்கும் இடம் 3.14 சென்டிமீட்டர். சரியாகப் பாதி. மிஞ்சிய பாதி எங்கே போகும்? கசங்கிக் கட்டியாகி, வெளியே முண்டு முண்டாகத் தெரியும். வளைவில் ஆங்கில வி எழுத்துப்போல் சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டியெடுக்கச் சொல்வது அந்தப் பாதியை அப்புறப்படுத்தத்தான். தையல் நூலுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியே கத்தரி நிற்க வேண்டும்.

ஊசி போட்ட துளை

மிஷின் தையலில் இரண்டு நூல்கள். மேல் நூல் ஊசியில், கீழ் நூல் பாபினில். 1846-இல் எலியாஸ் ஹோவ் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மிஷினின் ஊசிக்குக் கண் முனைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த இடமாற்றம் இல்லாமல் மிஷின் தையல் இல்லை. ஊசி கீழே இறங்கி மறுபடி இம்மியளவு மேலே ஏறத் தொடங்கும்போது, துணி நூலைப் பிடித்துக்கொள்வதால் நூல் ஊசியோடு ஏறாமல் ஒரு பக்கம் வளையமாகப் பிதுங்குகிறது. வளையம் தோன்றுவதற்கே உராய்வுதான் காரணம். ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைக் கவ்வி, பாபின் கேஸைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேலே நூலை இழுக்கும் கை மேலேறி வளையத்தைச் சுருக்க, இரண்டு நூலும் துணி அடுக்கின் நடுவே கோத்துக்கொள்கின்றன.

மேல் நூலின் இறுக்கம் அதிகமானால் கோப்பு மேலே வந்து தெரியும், குறைந்தால் கீழே தெரியும். எப்படியானாலும் ஒரு நூல் நேர்க்கோடாகப் படுத்துவிடும். நேராகக் கிடக்கும் நூலை எந்த முனையிலிருந்தும் உருவிவிடலாம். கோப்பு துணிக்கு நடுவே ஒளிந்திருந்தால்தான் ஒவ்வொரு தையலும் தன் பக்கத்துத் தையலுக்குப் பூட்டு. கையால் தைப்பவர்கள் ஓட்டுத் தையலைப் பை உடலுக்குப் போடாமல், ஊசியைப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் கெட்டித் தையலைப் போடுவதும் இதற்காகவே. ஒவ்வொரு முறையும் நூல் தன் மேலேயே திரும்பி வந்து வளைகிறது. வளைவுகள் கூடினால் உராய்வு கூடும்.

தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைப்பது ஓரளவுக்குத்தான் சரி. 14-ஆம் நம்பர் ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர். அங்குலத்துக்குப் பத்து தையல் போட்டால் துளைக்குத் துளை 2.5 மில்லிமீட்டர், ஊசி போக இடையில் 1.6 மில்லிமீட்டர், அதாவது நாலு இழை மிச்சம். இருபது தையல் போட்டால் இடையில் மிஞ்சுவது 0.4 மில்லிமீட்டருக்குக் கீழே. ஓர் இழைக்கே இடம் போதாது. அஞ்சல் தலையின் ஓரத்தில் துளை போட்டிருப்பதும் இதே வேலையைச் செய்யத்தான், சொன்ன இடத்தில் கிழிய வேண்டும் என்று. பத்து தையலே போதும். 40-ஆம் நம்பர் இரட்டை இழை பாலியெஸ்டர் நூல் ஒன்று சுமார் ஒரு கிலோ தாங்கும்; பத்து தையல் கொண்ட ஓர் அங்குலத் தையலுக்குப் பத்து கிலோவுக்குக் குறையாத பலம் வந்துவிடும். முனையில் மட்டும் முன்னும் பின்னுமாக மிஷினை ஓட்டி மூன்று நாலு தையல் திரும்பப் போட வேண்டும், அங்கே பூட்டிக்கொள்ளப் பக்கத்துத் தையல் இல்லை.

நாடா ஏன் இரண்டு?

பையின் உயிர் அதன் வாயில் இருக்கிறது. ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். இரண்டு நாடாவை இரண்டு பக்கம் இழுத்தால் மூடிக்கொள்கிறது. வளைந்த பரப்பின் மேல் ஓடும் கயிற்றில் இழுவிசை எப்படிக் குறைகிறது என்பதை 18-ஆம் நூற்றாண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் கணக்கிட்டுச் சொன்னார். சுற்றும் கோணம் கூடக்கூட விசை பெருக்கல் முறையில் மாறுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், அரைச் சுற்றில் விசை 2.6 மடங்கு மாறும். முழுச் சுற்றில் 6.6 மடங்கு. இரண்டு சுற்றில் 43 மடங்கு, மூன்று சுற்றில் 286 மடங்கு.

ஒரே நாடாவைக் குழாயில் ஓட்டி இரு முனையையும் ஒரு பக்கமாக இழுத்தால் என்ன ஆகும்? இழுக்கும் இடத்தில் விசை 100 என்றால், அரைச் சுற்று தள்ளி எதிர்ப்பக்கத்துக்குப் போய்ச் சேர்வது 39. இழுக்கும் பக்கம் துணி குவிந்துகொள்ள, எதிர்ப்பக்கம் வாய் பிளந்தபடி நிற்கும். இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டாவது நாடாவையும் போட்டு இரண்டையும் இழுத்தால், ஒன்று தளரும் இடத்தில் மற்றொன்று வலுவாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் நாடா வெளிவரும் இரு முனைகளில் 139, நடுவில் 125. வாய் முழுவதும் ஏறத்தாழ ஒரே விசை. ஆய்லரைக் கேள்விப்பட்டிராத கைகள் எத்தனையோ தலைமுறையாக இரட்டை நாடா போட்டு வந்திருக்கின்றன. கணக்கு அவர்கள் பக்கம் நிற்கிறது.

மூடிய பை தானே திறந்துகொள்ளாததும் இதே சமன்பாட்டால்தான். உள்ளே காசு நெருக்கி வாயை விரிக்கப் பார்க்கும்போது உராய்வு இப்போது எதிர்த் திசையில் வேலை செய்கிறது. குழாயின் உள்ளே இழுவிசை 100 இருந்தாலும் வெளி முனையில் 39 பிடித்தால் போதும். குவிந்த துணிமடிப்புகள் நாடா வெளிவரும் இடத்தை நெருக்கிப் பிடிப்பதே அந்த வேலையைச் செய்துவிடும். பையின் கழுத்தில் நாடாவை இரண்டு சுற்று சுற்றிவிட்டால் 43 மடங்கு பாதுகாப்பு. முடிச்சே தேவையில்லை.

நாடா பருத்தியாக இருப்பது நல்லது. வழவழப்பான நைலான் கயிற்றில் உராய்வுக் கெழு குறைவு. கெழு சமன்பாட்டின் அடுக்கில் உட்கார்ந்திருப்பதால் சிறு குறைவும் பிடியைப் பெரிதாகத் தளர்த்திவிடும். பருத்தியிலும் ஒரு சங்கடம் உண்டு. மழையில் நனைந்தால் நாடா ஊதிக் குழாயை அடைத்துக்கொள்ளும். குழாய் நாடாவை விட இரண்டு மடங்கு அகலமாக இருந்தால் தப்பிக்கலாம். நீளம்: வாயின் சுற்றளவு 24 சென்டிமீட்டர், இரு முனைக்கும் பத்துப் பத்து, முடிச்சுக்கு ஒன்று. நாடா ஒன்றுக்கு 45 சென்டிமீட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். முனையில் தைக்கும் துணிக் குஞ்சம் அழகுக்கு ஆயிற்று, நாடா குழாய்க்குள் ஓடி மறையாமல் தடுக்கவும் ஆயிற்று.

எந்தத் துணி சுருங்கும், எது சுருங்காது என்பதையும் தைப்பதற்கு முன்பே கணக்கிடலாம். பாப்ளினும் லைனிங்கும் சேர்ந்து அரை மில்லிமீட்டர் தடிமன். 24 சென்டிமீட்டர் சுற்றளவை எவ்வளவு நெருக்கினாலும் கழுத்து ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குக் கீழே போகாது. அது கைக்கு அடங்கும் அளவு. பழைய ஜீன்ஸ் பேண்டை வெட்டித் தைத்தால் தடிமன் ஒன்றேகால் மில்லிமீட்டராகிறது; கழுத்து மூன்று சென்டிமீட்டரை நெருங்கிவிடும். மடிப்புகளும் எண்ணிக்கையில் குறைந்து பெரிதாகின்றன, நடுவில் ஓட்டை விழுகிறது. சின்ன நாணயம் அந்த வழியாக நழுவிவிடலாம். ஜீன்ஸுக்கு ஜிப் வைத்த பர்ஸே பொருத்தம்.

தேய்மானம்

பிடித்துக்கொடுக்கும் அதே உராய்வு தேய்த்தும் விடுகிறது. நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் குழாயின் வாயை அராவுகிறது. காசு ஒவ்வொரு அடி நடக்கும்போதும் லைனிங்கின் அடியைத் தட்டுகிறது. நந்திதுர்க்கில் இதற்குமேல் ஒரு தொல்லை இருக்கிறது. கோலார் தங்கம் படிகக்கல் நரம்புகளில் கிடந்தது. அந்தக் கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு இன்றும் 13 குவியல்களில் மூன்று கோடி டன்னுக்கு மேல் நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் ஊருக்குள் வருகிறது. படிகக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 7. நாணய உருக்கை விடக் கூடுதல், பருத்தியை அதோடு ஒப்பிடவே முடியாது. துணியின் இழைகளுக்கு நடுவே இந்தத் துகள் ஒன்று சிக்கிக்கொண்டால், பை மடங்கும்போதெல்லாம் அது ஒரு சின்ன அரம். பையை அடிக்கடி உள்வெளியாகத் திருப்பி உதறுவதும், தையல் மூலையைத் தூரிகையால் தட்டுவதும் வெறும் சுத்தத்துக்காக மட்டுமல்ல, பையின் ஆயுளுக்காகவும்தான்.

தேய்மானத்தை நிறுத்த முடியாது. அது எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். லைனிங்கை வெளித்துணியோடு அடியில் சேர்த்துத் தைக்காமல் தனியாகத் தொங்கவிட்டால் காசின் அடி முழுவதையும் லைனிங் வாங்கிக்கொள்ளும். நைந்ததும் வெளியே இழுத்து அதை மட்டும் மாற்றலாம். நாடாவைக் குழாயின் துணியை விட மென்மையானதாகத் தேர்ந்தால் குழாய் தேய்வதற்குள் நாடா தேய்ந்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை முடிச்சை அவிழ்த்து, நாடாவை இரண்டு விரற்கடை நகர்த்தி மறுபடி முடிந்தால், எப்போதும் ஒரே இடம் அராவப்படாமல் புது இடம் முன்னால் வரும். புது நாடாவுக்குச் சில ரூபாய்தான் செலவு, ஐந்து நிமிடத்தில் கோத்துவிடலாம். பையின் வாய் பிய்ந்தால் மொத்தத் தையலையும் பிரிக்க வேண்டும். எது முதலில் கெட வேண்டும் என்பதைத் துணி வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்தவர் தைத்த பைதான் நெடுநாள் உழைக்கும்.